பிரிவென்ட்: நடக்காததைத் தடுக்கும் வினைச்சொல்

அடிதடி நடந்துட்டிருக்கும்போது ஒருத்தர் உள்ளே பாய்ந்து விலக்கிவிடுகிறார். இன்னொரு தெருவில், கை ஓங்குறதுக்கு முன்னாடியே ஒருத்தர் பேசி அனுப்பிவிடுகிறார். தமிழில் ரெண்டு பேருமே ‘சண்டையைத் தடுத்தார்’தான். ஆங்கிலத்தில் ஸ்டாப் என்பதை இரண்டுக்கும் போடலாம். பிரிவென்ட் இரண்டாவதுக்கு மட்டுமே பொருந்தும். பிரிவென்ட் செய்யப்பட்ட சண்டை நடக்கவே இல்லை.

இந்த ‘முன்னாடி’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனில் பிரே என்றால் முன், வெனீரே என்றால் வருதல். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இது முந்திச் செல்வதைத்தான் குறிக்கிறது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், 4:15 பாருங்கள். உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை ‘பிரிவென்ட்’ செய்ய மாட்டார்கள் என்று வரும். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவங்க முழிப்பாங்க. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே ‘முந்து’ என்ற வினை இருப்பதால் நமக்குக் குழப்பமே இல்லை. முந்திப்போய் ஒருவர் எதிரே நின்றால் அவர் வழி அடைபடும். பொருள் அப்படியே நகர்ந்து தடுப்பதில் வந்து நின்றுவிட்டது. நம்ம ‘வருமுன் காப்போம்’ல இருக்கிற ‘வருமுன்’, அந்த லத்தீன் சொல்லின் அச்சு அசல்.

இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருந்தும், அது அவசியமாகத் தேவைப்படும் இடத்தில் நாம் அதைத் தொலைத்துவிட்டோம். ‘குண்டர் சட்டத்தில் கைது’ என்ற செய்தியைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம் அது. கள்ளச்சாராய வியாபாரி, போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்று நீளும் அதன் ஆங்கிலப் பெயர், ‘பிரிவென்ஷன்’ என்றுதான் தொடங்குகிறது. (2004-இல் திருட்டு விசிடிக்காரர்களும் சேர்ந்தார்கள்.) இதன்படி ஒருவரை அடைப்பது, செய்த குற்றத்துக்குத் தண்டனையாக அல்ல, இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ஆலோசனைக் குழு ஒன்று பார்க்கும், அதிகபட்சம் 12 மாதம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற உரிமை, அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவின்படியே இவருக்குக் கிடையாது. பல நேரம் வேறு வழக்கில் ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மேல்தான் இந்த உத்தரவு வரும். உள்ளே இருப்பவரை எங்கே போய் கைது செய்வது?

‘சட்டத்தில் கைது’ என்று படிப்பவர், அந்தச் சட்டத்தில் ஒரு குற்றம் இருக்கு, இவர் அதைச் செஞ்சிருக்கார்னு எடுத்துக்கொள்வார். ‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ இன்னும் மோசம். எது நடக்காமலிருக்கப் பாய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

‘தடுப்புக் காவல்’ என்ற சொல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ‘தடுத்து வைத்தல்’ என்றாலே அடைத்து வைப்பதுதானே? அதனால் அந்தத் ‘தடுப்பு’ காதில் சிறையாகவே விழுகிறது, ‘முன்’ விழுவதில்லை. இலங்கையில் ‘தடுப்பு முகாம்’ என்பதில் தடுப்பு முழுக்க சிறைவைப்புதான். அங்கே 1979-இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் பிரிவென்ஷன். தமிழில் பெரும்பாலும் ‘தடைச் சட்டம்’. தடை என்றால் ஏதோ அமைப்பைத் தடைசெய்த மாதிரி இருக்கு.

‘வருமுன் காவல்’ என்று எழுதலாம்னு எனக்கு ஒரு ஆசை. சிரிப்பார்கள். சரி, புதுச்சொல்லே வேண்டாம். தலைப்பில் இப்படிப் போடட்டும்: ‘குற்றம் செய்யக்கூடும் என்று இளைஞருக்கு ஓராண்டு காவல்.’