தேவாரம்: ஆரமா, வாரமா, வழிபாடா?

பிரதோஷத்தன்று ஆத்தூர்ப் பக்கத்துச் சிவன் கோயில்களில் தீபாராதனை நெருங்கும்போது, "தேவாரம் பாடுங்க சாமி" என்று ஒரு குரல் எழும். ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்குவார். பாட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: தே என்றால் தெய்வம், ஆரம் என்றால் மாலை. மேடையில் கைதட்டு வாங்கித் தரும் விளக்கம். சரியான விளக்கமா என்பது வேறு கேள்வி.

பெயரைப் பார்த்துப் பொருள் சொல்வதில் நமக்குக் கை வேகம் அதிகம். ஊர்ப்பெயர்களிலும் அப்படித்தான். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலம் கிடையாது. நமக்குக் கிட்டத்தில் இருப்பது வைகைக் கரைத் திருவேடகம். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு எதிர்நீந்தி ஒதுங்கியதால் ஏடகம் என்கிறோம். கதை அழகுதான். அதற்காக அதைச் சொல்லாராய்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்த முடியுமா?

தேவாரத்துக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. தே + ஆரம் மாலை. தே + வாரம் இசைப்பாட்டு. முதல்நடை, வாரம், கூடை, திரள் என்ற பழைய நான்கு இசை இயக்கங்களில் வாரமும் ஒன்று, சிலப்பதிகாரத்திலும் அந்தச் சொல் உண்டு. மூன்றாவது, வழிபாடு. புணர்ச்சி விதி முதல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆகவே இலக்கணம் இந்த வழக்கைத் தீர்க்காது. வழக்காற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஆரக் கட்சிக்கு ஒரு பலம் உண்டு. பாடியவர்களே தங்கள் பாட்டை மாலை என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளுக்குச் சோழர் காலம் வைத்திருந்த பெயர் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பாடுவதற்கு 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர் என இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் கொடுத்தான். அவர்கள் பாடியது 'திருப்பதியம்' என்றே கல்வெட்டு சொல்கிறது. திருவல்லத்தில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டும் அதே சொல்லைத்தான் ஆள்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் தேவாரம் என்ற சொல்லும் இருக்கிறது, வேறு பொருளில். அரசன் பூசித்த மூர்த்தி 'தேவாரதேவர்'. தேவாரத்துக்குத் திருப்பதியம் பாடுகிறவர் என்று ஒருவரைக் குறிக்கிறார்கள். இதுதான் வழக்கின் திருப்பம். தேவாரமே பாட்டு என்றால், பாட்டுக்குப் பாட்டுப் பாடுகிறவர் என்றாகிவிடும். அங்கே தேவாரம் என்பது வழிபாடு.

வழிபாட்டின் பெயர் பாட்டுக்கு ஏறுமா? ஏறும். பள்ளியெழுச்சி கோயிலில் நடக்கும் சேவை, அதற்குரிய பாட்டும் பள்ளியெழுச்சிதான். தாலாட்டும் ஊஞ்சலும் அப்படியே. பின்னால் ஒட்டிய பெயர் காலத்தை முந்திக்கொண்டு நிற்பதும் புதிதில்லை. ஐரோப்பாவில் 'கிரிகோரியன்' என்று பெயர் பெற்ற தேவாலய இசை, 604-ல் இறந்த போப் கிரிகோரிக்குப் பின், 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் பிராங்கியர் நாட்டில்தான் உருப்பெற்றது.

என் வாதத்திலும் ஓட்டை உண்டு. கல்வெட்டுத் தேவாரம் பெரும்பாலும் அரசனின் சொந்தப் பூசை; அங்கிருந்து ஊர்க்கோயில் பாட்டுக்குப் பெயர் தாவிய படி ஒவ்வொன்றையும் காட்ட முடியாது. மரபோ அப்பர் பாட்டை மட்டும் தேவாரம் என்று தனித்துச் சொல்லி, சம்பந்தருடையதைத் திருக்கடைக்காப்பு, சுந்தரருடையதைத் திருப்பாட்டு என்று பிரிக்கிறது. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இருந்தும் மூன்றில் கல்லில் தடம் உள்ளது வழிபாடு ஒன்றுக்குத்தான். வாரம் நடக்கக்கூடியது, ஆரம் பிற்கால அலங்காரம்.

விழா மலர்களில் 'தெய்வ மாலை' என்று அச்சடிப்பவர்கள் அச்சடிக்கட்டும். கீழே ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டும்: தஞ்சையில் அந்த 48 பேர் பாடியது, கல்வெட்டுக் கணக்கில், திருப்பதியம்.