பாதி பாதியாகத் தேடும் கட்டளை

போன வெளியீடு வரை ஒழுங்காக ஓடிய மென்பொருள் இன்று முரண்டு பிடிக்கிறது. நடுவில் ஆயிரம் கமிட்கள், அதாவது நிரலில் பதிந்த மாற்றங்கள். இங்கேதான் ‘கிட் பைசெக்ட்’ கைகொடுக்கும். லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் அந்த ஆண்டே சேர்ந்த கட்டளை இது. நல்ல கமிட் ஒன்றையும் கெட்டது ஒன்றையும் காட்டினால் போதும், நடுவில் இருப்பதை எடுத்து நீட்டும். சோதித்து ‘குட்’ அல்லது ‘பேட்’ என்றால் பாதி கழிந்துவிடும். ஏறக்குறைய பத்தே சுற்றில் குற்றவாளி சிக்கும்.

சோதனை ஸ்கிரிப்ட்டை ‘பைசெக்ட் ரன்’னிடம் ஒப்படைத்தால் தானே தேடும். பில்டே ஆகாத கமிட்டா? ஸ்கிரிப்ட் 125 என்று திருப்பினால் அதைத் தாண்டிப் போகும். ‘சொல்லத் தெரியவில்லை’ என்பதற்கும் ஓர் எண் வைத்தார்களே, எவ்வளவு நேர்மை!

இந்தத் தேடல் எளிதாக நடக்க, கமிட்களைச் சிறிதாக, ஒவ்வொன்றும் பில்ட் ஆகும்படி போடுங்கள்.