‘பறக்கும் இல்லத்தரசி’: ஓர் அடைமொழியின் அரசியல்

1964 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரிலிருந்து, ஒற்றை எஞ்சின் கொண்ட செஸ்னா 180 விமானத்தில் ஜெர்ரி மாக் தனியாகக் கிளம்பினார். 29 நாட்கள் கழித்து அதே நகரில் வந்திறங்கினார். தனியாக விமானத்தில் உலகைச் சுற்றிய முதல் பெண் அவர். வயது 38, மூன்று குழந்தைகளின் தாய். பத்திரிகைகள் அவரைப் ‘பறக்கும் இல்லத்தரசி’ என்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பூமியை வலம்வந்த ஜான் கிளென்னும் ஒஹையோக்காரர்தான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்கு ‘விண்வெளி வீரர்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாக்கின் பறத்தலோ சமையலறையின் நீட்சியாக்கப்பட்டது.

வீட்டில் அலுத்துப்போகிறது என்றவரிடம், விமானத்தை எடுத்துக்கொண்டு உலகைச் சுற்றி வாயேன் என்று கணவர் விளையாட்டாகச் சொன்னாராம். பயணத்தின் தொடக்கமாக எங்கும் சொல்லப்படுவது இந்தக் கதைதான். கேட்கச் சுவையானது, ஆனால் அது எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர் மாக். திருமணத்துக்காகப் படிப்பை விட்டார். 1958இல் விமானம் ஓட்டக் கற்றது புதிதாக முளைத்த பொழுதுபோக்கு அல்ல. பாதியில் பறிபோனதை மீட்டெடுத்தது. கணவரின் நகைச்சுவையிலிருந்து கதையைத் தொடங்கினால், அவளுடைய ஆசைக்கும் அவனே ஆசிரியனாகிவிடுகிறான். பயணத்தின்போதும், போட்டியாகப் புறப்பட்டிருந்த ஜோன் மெரியம் ஸ்மித்தை முந்தச் சொல்லித் தொலைபேசியில் விரட்டிக்கொண்டிருந்தவர் அவரே. அனுமதி தந்தவர் மேலாளரும் ஆகிவிடுகிறார்.

1970இல் வெளியான மாக்கின் ‘த்ரீ-எயிட் சார்லி’ என்ற நூலை இந்த அடைமொழிக்கு எதிர்ப்பிரதியாக வாசிக்கலாம். தலைப்பு அவர் விமானத்தின் பதிவெண்ணிலிருந்து வந்தது. மனைவி, தாய் என்ற உறவுப்பெயர் எதுவும் அதில் இல்லை. லிபியப் பாலைவனத்தின் மேல் ஆன்டெனா மோட்டார் கருகுகிறது. இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் எரிபொருள் தொட்டிகள். அந்த நேரத்தில் அவர் இல்லத்தரசி அல்லர், விமானி.

நம் சாதனைப் பெண் கட்டுரைகளிலும் ‘குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே’ என்றொரு தொடர் தவறாமல் வரும். பாராட்டின் வடிவில் வரும் நிபந்தனை அது. ஆண்களைப் பற்றிய கட்டுரைகளில் அதே தொடரை எழுதிப் பார்ப்போம். அல்லது இரண்டிலிருந்தும் நீக்கிவிடுவோம்.