பார்க்கும் நகரமும் பார்க்கப்படும் நகரமும்

திறனாய்வு என்பது நூல்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால், ஒருவர் சொல்லப் பலர் கேட்க, குறித்த வேளையில் தொடங்கிக் குறித்த வேளையில் முடிவுறும் எந்தப் படைப்பும் திறனாய்வுக்கு உட்பட்டதே. அவ்வகையில், வரலாற்றுப் புகழ் வாய்ந்த நம் நகரங்களில் நாள்தோறும் நடைபெறும் மாலைச் சுற்றுலாவையும் ஒரு நிகழ்கலையாகவே கொள்ளலாம். அதற்குக் கதைசொல்லி உண்டு. அரங்க ஒளி உண்டு. கட்டணம் செலுத்திய அவையினர் உண்டு. எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வும் உண்டு. அந்தத் தேர்வைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக, இராஜஸ்தானத்தின் தலைநகராகிய ஜெய்ப்பூரை எடுத்துக்கொள்வோம்.

ஆமேர் மலைக்கோட்டையில் இருந்து ஆண்ட இரண்டாம் சவாய் ஜெய்சிங், 1727ஆம் ஆண்டு சமவெளியில் தோற்றுவித்த நகரம் இது. மரபுவழி ஒன்பது கட்டங்களாக நகரை வகுத்ததில் வங்காளத்தைச் சேர்ந்த வித்யாதர் பட்டாச்சார்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நேர்கோடாய் ஓடும் அகன்ற வீதிகளும், ஒரே அளவில் வரிசையாக அமைந்த கடைகளும் இன்றும் நம்மை வியக்க வைக்கின்றன. 1876இல் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் வருகை தந்தபோது, அன்றைய மன்னர் இரண்டாம் ராம்சிங் நகருக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசச் செய்தார் என்பது வரலாறு. ‘இளஞ்சிவப்பு நகரம்’ என்ற பெயர் அவ்வாறு நிலைத்தது. 2019இல் இம்மதிலக நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஒரு விருந்தாளியின் கண்ணுக்காக ஒரு நகரமே நிறம் மாற்றிக்கொண்டது என்ற செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாம் பேசப்போகும் சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது.

கதிரவன் சாயும் வேளையில் பேருந்து கிளம்புகிறது. பளிங்கு வெண்மையில் ஒளிரும் பிர்லா ஆலயம், 1887இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட ஆல்பர்ட் ஹால், ஹவா மஹால், மான்சாகர் ஏரியின் நடுவே நிற்கும் ஜல் மஹால், ஆமேர் கோட்டையின் அடிவாரம் என ஒவ்வொன்றாகக் கடந்து, நாஹர்கர் கோட்டையின் உச்சியில் உணவோடு முடிவது இச்சுற்றுலாவின் பொதுவான வடிவம். இதன் நிறைகளை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. பகலின் கொடும் வெயில் தணிந்திருக்கிறது. முதியோரும் குழந்தைகளும் களைப்பின்றி வர முடிகிறது. தனியே வாகனம் அமர்த்த வசதியில்லாத எளிய குடும்பங்களும் அரண்மனைகளைக் கண்டு களிக்கின்றன. மன்னருக்கும் அவர்தம் விருந்தினருக்கும் மட்டுமே உரியதாயிருந்த காட்சி இன்று பேருந்துப் பயணிக்கும் உரியதாயிற்று. இது சிறிய செய்தி அன்று.

குறை எங்கே இருக்கிறது? ஹவா மஹாலின் முன் பேருந்து நிற்கும்போது அது புலப்படத் தொடங்குகிறது. 1799இல் சவாய் பிரதாப்சிங் எழுப்பிய ஐந்தடுக்கு மாளிகை அது. அமைத்தவர் லால்சந்த் உஸ்தாத். ஒளிவெள்ளத்தில் தேன்கூடு போல் மின்னும் அந்த முகப்பைக் காட்டி, “இதில் 953 சாளரங்கள் உள்ளன” என்கிறார் வழிகாட்டி. அனைவரும் வியக்கின்றனர், படம் எடுக்கின்றனர், பேருந்து நகர்கிறது. 953 என்ற எண் சொல்லப்பட்டது. அச்சாளரங்களின் பின்னே அமர்ந்திருந்தவர் யார் என்பதோ ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

உண்மையில், வீதியிலிருந்து நாம் காணும் அந்த எழில்முகம் மாளிகையின் முன்புறமே அன்று, அது பின்புறம். வீதிப் பக்கமாக அதற்கு வாயில் இல்லை. அரண்மனைப் பக்கமிருந்தே உள்ளே செல்ல வேண்டும். மேல் அடுக்குகளோ ஓர் அறை அளவே ஆழமுடையவை. கோஷா முறைக்குக் கட்டுப்பட்ட அரச குலப் பெண்டிர், தாம் பிறர் கண்ணில் படாமல் வீதியையும் விழாக்களையும் காண்பதற்காகவே அது கட்டப்பட்டது. சுருங்கச் சொன்னால், அது பார்க்கப்படுவதற்காக எழுந்த சுவரன்று. பார்ப்பதற்காக எழுந்த கண். வெளியே இறங்கி நடக்க இயலாத பெண்கள், கடைவீதியின் இரைச்சலையும், மணம் புரிந்து செல்வோரின் ஊர்வலத்தையும், விலை பேசும் பெண்களின் உரிமையையும் அந்தச் சிறு துளைகள் வழியே கண்டு பெருமூச்செறிந்திருக்கக் கூடும். அந்தப் பெருமூச்சுக்குச் சுற்றுலாவின் கதையில் இடமில்லை. வெளியிலிருந்து பாய்ச்சப்படும் விளக்கொளி, உள்ளிருந்து நோக்கும் பார்வையை முற்றிலும் அடைத்துவிடுகிறது.

இதே அரச குடும்பத்தின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. நகருக்கு வண்ணம் பூசிய ராம்சிங், ஒளிப்படக் கலையில் தீராத ஆர்வம் கொண்டவர். அந்தப்புரப் பெண்களையும் அவர் தம் கையாலேயே படம் பிடித்தார். திரைக்குப் பின்னிருந்து உலகைப் பார்த்தவர்கள், ஒளிப்படக் கருவியை நேருக்கு நேர் நோக்கி அமர்ந்திருக்கும் அப்படங்கள் இன்றும் உள்ளன. அம்முகங்களில் ஒன்றையேனும் ஹவா மஹாலின் முன் பயணிகளுக்குக் காட்டினால், அந்த எண்ணிக்கைக்கு உயிர் வந்துவிடும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் ஆழமானது. அரண்மனையை அடுத்துள்ள ஜந்தர் மந்தரை, “அது பகலில் பார்க்க வேண்டிய இடம்” என்று கைகாட்டிவிட்டு, நான் சென்ற பேருந்து கடந்து சென்றது. இதைவிடப் பெரிய முரண் இருக்க முடியுமா? ஜெய்சிங் தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, வாரணாசி என ஐந்து நகரங்களில் வானாய்வகங்களை எழுப்பினார். அவற்றுள் மிகப் பெரியது இது. 2010 முதல் உலக மரபுச் சின்னம். சுமார் 27 மீட்டர் உயர்ந்து நிற்கும் சாம்ராட் யந்திரத்தின் நிழல், இருபுறமும் வளைந்த பளிங்கு விளிம்பின் மேல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் ஊர்கிறது. காலம் நகர்வதை நாம் வெறுங்கண்ணால் காண முடிகிறது.

ஆனால் அவ்வானாய்வகம் பகலுக்கு மட்டும் உரியதன்று. தரையில் இரண்டு கிண்ணங்களைப் போல் குடைந்தமைக்கப்பட்ட ஜெயப்பிரகாச யந்திரத்தை எண்ணிப் பாருங்கள். பகலில், அதன் மேலே குறுக்காகக் கட்டப்பட்ட கம்பிகள் சந்திக்கும் புள்ளியின் நிழல், கதிரவனின் இருப்பிடத்தைப் பளிங்கின் மேல் காட்டும். இரவில், ஆய்வாளர் கிண்ணத்தின் இடைவழிகளில் இறங்கி நின்று, அக்கம்பிச் சந்திப்பையும் தாம் தேடும் விண்மீனையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, அதன் நிலையைக் குறித்துக்கொள்வார். இரவுக்காகவும் கட்டப்பட்ட ஓர் இடத்தை, இரவில் பார்க்க ஏதுமில்லை என்று இரவுச் சுற்றுலாவே தள்ளி வைக்கிறது.

இவ்விடத்திற்கு இன்னுமொரு சிறப்பு உண்டு; அது நம் இதழின் வாசகர்களுக்கு உவப்பளிக்கும். ஜெய்சிங் தம் அறிவை எல்லைக் கோடுகளுக்குள் அடைத்து வைக்கவில்லை. யூக்ளிடின் வடிவியலும் தாலமியின் வானியலும் அரபு மொழி வழியாக அவர் அவையில் வடமொழிக்கு வந்தன. அப்பணியைச் செய்தவர் ஜகந்நாத சாம்ராட். ஆய்வில் கிடைத்த அட்டவணை பாரசீகத்தில் எழுதப்பட்டு, முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயர் தாங்கி வெளிவந்தது. ஐரோப்பியரின் கணிப்பை அறிய, இயேசு சபைத் துறவி மானுவேல் டி ஃபிகுயெரேடோவைத் தலைவராகக் கொண்ட குழு ஒன்றைப் போர்த்துகல் நாட்டுக்கு அனுப்பினார் மன்னர். அக்குழு கொண்டுவந்த பிரெஞ்சு அறிஞர் லா ஹீரின் அட்டவணையைத் தம் கணிப்போடு ஒப்பிட்டு, நிலவின் நிலையில் அரைப் பாகை வேறுபாடு இருப்பதைச் சுட்டிக்காட்டவும் தயங்கவில்லை. 1734இல் வங்கத்துச் சந்தர்நகரிலிருந்து இரண்டு பிரெஞ்சு இயேசு சபையினர் ஜெய்ப்பூருக்கு வந்தனர். இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே வானத்தை ஒன்றாக நின்று அளந்த முற்றம் அது. ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் முழங்குவதைக் காட்டிலும், அம்முற்றத்தில் பயணிகளைக் கால் மணி நேரம் நிறுத்துவது பயன் தரும்.

ஆக, நகரின் இரு பெரும் படைப்புகளும் பார்வையைப் பற்றியவை. ஹவா மஹால் வெளியே பார்ப்பதற்கு. ஜந்தர் மந்தர் மேலே பார்ப்பதற்கு. மாலைச் சுற்றுலாவோ ஒன்றை வெறும் காட்சிப் பொருளாக்கி, மற்றொன்றை இருளில் விட்டுச் செல்கிறது. கட்டியவர்கள் கண்களைக் கட்டினார்கள். காட்டுபவர்கள் சுவர்களைக் காட்டுகிறார்கள்.

இப்பிழை கட்டடங்களோடு நிற்குமானால் பொறுத்துக்கொள்ளலாம். அது மனிதர்களிடமும் தொடர்கிறது. சாளரத்தின் வழியே விரையும் கடைவீதி, பயணிக்கு ஒரு வண்ணத் திரைச்சீலையாகவே தோன்றுகிறது. அவ்வீதியிலிருந்து பிரியும் சந்துகள் பல அவ்வத் தொழில் செய்வோரின் பெயராலேயே வழங்குகின்றன. மணிஹாரோன் கா ராஸ்தாவில் அரக்கைத் தணலில் இளக்கி வளையல் செய்வோர் இன்றும் இருக்கின்றனர். தட்டேரோன் கா ராஸ்தா உலோகக் கன்னார்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்து அங்கே நுழையாது. அதற்கு மாறாக, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் ஒரு பெரிய கடையின் முன் அது நெடுநேரம் நின்றது. செய்த கையைக் காணாமல் செய்த பொருளை மட்டும் வாங்கிச் செல்வது எவ்வகைச் சந்திப்பு?

2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், இதே மாலை வேளையில், இதே மதிலக நகரின் கடைவீதிகளில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருள் வாங்க வந்தவர்களும், விற்க அமர்ந்தவர்களும், வழிபாட்டுக்கு வந்தவர்களுமே அவர்கள். அவ்வீதியில்தான் மீண்டும் விளக்கேற்றி, மீண்டும் கடை விரித்து, இன்று நம்மை வரவேற்கிறார்கள். அரசர்களின் வீரத்தைப் பத்து முறை சொல்லும் கதையில் இம்மக்களின் மனவுறுதிக்கு ஒரு வரி கூட இல்லை என்பது வருந்தத்தக்கது. துயரத்தைக் காட்சியாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாம் கடந்து செல்வது அரங்கச் சித்திரம் அன்று, மனிதர் வாழும் இடம் என்பதை உணர்த்த ஒரு சொல் போதும்.

“களைத்த மனத்துக்கு ஓய்வு தேடி வருபவனிடம் வரலாற்றுப் பாடம் நடத்தலாமா?” என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. வழிகாட்டிகளைக் குறைகூறுவதும் முறையன்று. குறுகிய நேரத்தில், குறைந்த ஊதியத்தில், பல மொழி பேசும் கூட்டத்தை மகிழ்விக்க வேண்டிய நிலை அவர்களுடையது. ஆனால் மகிழ்ச்சியும் பொருளும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது? பயணி சலிப்படைவான் என்று அஞ்சி அவனை எண்களாலும் விளக்குகளாலும் நிரப்புவது, அவனைக் குழந்தையாகக் கருதுவதேயாகும். நல்ல கதைசொல்லி தன் அவையினரை மதிப்பவன்.

செய்யத்தக்கவை கடினமானவையும் அல்ல. ஹவா மஹாலை வீதியிலிருந்து காட்டும் முன், அந்தி வேளையில் உள்ளே அழைத்துச் சென்று, ஒரு சாளரத்தின் பின்னே சில நிமிடங்கள் அமரச் செய்யலாம். வீதியில் நிற்பவர் தம்மைக் காணாதபோது தாம் அவரைக் காண்பது எத்தகைய இன்பம், எத்தகைய தனிமை என்பது சொல்லாமலே விளங்கும். தொழிலாளர் வாழும் ஒரு சந்தில் பேருந்தை விட்டு இறங்கி நடக்கலாம். நாஹர்கர் உச்சியில் உணவு முடிந்தபின், விளக்குகளைப் பத்து நிமிடம் அணைத்து வைக்கலாம். கீழே நகரத்தின் ஒளியைக் காட்டுவதோடு, மேலே நோக்கவும் சொல்லலாம்.

சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவர், ஜெய்ப்பூரின் அகலாங்குக்கு ஏற்ப 27 பாகை சரிவில், வானின் வட துருவத்தைச் சுட்டி நிற்கிறது. படியேறும் கண்ணுக்கு இரவில் அத்திசையில் துருவ விண்மீன் தெரியும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக அச்சுவர் அத்திசையையே காட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெருமையைக் காட்டும் விளக்குகள் எரியட்டும். அவற்றுக்கும் ஒரு வேளை உண்டு. அவற்றை அணைத்துவிட்டு, அச்சுவர் காட்டும் திசையில் பயணியின் கண்ணைத் திருப்பும் மாலைச் சுற்றுலா ஒன்று ஜெய்ப்பூரில் தொடங்கப்படும் நாளில், மன்னன் தொடங்கிய பணியில் நம் எளிய மக்களும் பங்குபெறுவர்.