வெல்லாவெளியின் உயிர்வேலிகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போரதீவுப்பற்றின் வயல்வெளிகளூடே வெல்லாவெளிக்குச் செல்கின்றவர்கள், நெற்பயிரின் பசுமையிலும் குளக்கரை மருதமரங்களின் கம்பீரத்திலும் மனத்தைப் பறிகொடுப்பது இயல்பேயாயினும், என் கண் முதலில் நாடுவது, வீட்டுப் படலையிலிருந்து வாசல்வரை வண்டி செல்லும் வழியின் இருமருங்கிலும் வளர்த்து வெட்டி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் செடிவரிசையையே. உள்வழியைச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் குரோட்டனும் அலங்கரிக்க, வளவின் புறவெல்லையில் கிளுவையும் பூவரசும் கிளிசரிடியாவும் கதியால்களாக ஊன்றப்பட்டு, வேர் பிடித்து, தழைத்து, உயிர்வேலியாக நிற்கின்றன. இவற்றை வெட்டி ஒழுங்கு செய்வதை வெறும் வீட்டுவேலை என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. சிற்பத்துக்குரிய நிதானமும் வைத்தியத்துக்குரிய ஞானமும் இதற்கு வேண்டும்.

செடிவரிசையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் தலையையே பார்க்கிறார்கள். மேல்மட்டம் நூல் பிடித்தாற்போல் இருந்துவிட்டால் வெட்டியவன் கெட்டிக்காரன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. "மேல பாக்காத மனே, அடியப் பாரு" என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் ஒருமுறை சொன்ன சொல்லில் இக்கலையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிலத்தோடு இலை தொட்டு நிற்கும் வரிசையே நல்ல வரிசை. அடியில் தண்டுகள் மட்டும் எலும்பாய்த் தெரிய, தலையில் மாத்திரம் இலை அடர்ந்து நிற்பது எவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தாலும் பழுதுடையதே.

இதற்குக் காரணம் செடியின் ஸ்வபாவத்திலேயே இருக்கிறது. நுனிக்குருத்து உயிரோடிருக்கும்வரை, அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒருவகை வளர்ச்சிச் சுரப்பு, கீழேயுள்ள கணுக்களின் மொட்டுகளை உறங்கச் செய்கிறது; நுனியைக் கிள்ளினால் அந்த மொட்டுகள் விழித்துக் கிளைக்கின்றன. ஆகவே செடியை நெஞ்சளவு உயர்ந்தபின் வெட்டத் தொடங்குகிறவன் காலத்தைத் தவறவிட்டவனே. முழங்கால் அளவிலேயே நுனி கிள்ளி, ஒவ்வொரு சாணும் உயர உயர மறுபடியும் கிள்ளி வளர்த்தவனுடைய வரிசைதான் அடியில் அடர்த்தி பெறும். அதோடு, பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல், அடி அகன்றும் மேல் சற்றுக் குறுகியும் இருக்கும்படி சாய்த்து வெட்டினால், கீழ் இலைகளுக்கும் வெயில் கிட்டும். நிழலில் சிக்கிய கிளையைச் செடி கைவிட்டுவிடும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான நோக்கத்தைக் காணலாம். விட்டுவிட்டால் மரமாகிவிடக்கூடிய அந்தச் செடியை மேசைபோல் தட்டையாக வெட்டி வைப்பது, மேற்பரப்பில் கொழுந்துகள் நெருங்கித் தளிர்க்க வேண்டும் என்பதற்காக. அங்கே அடி வெறுமையாயிருப்பது குறையாகாது.

கருவியையும் இடமறிந்து பிரயோகிக்க வேண்டும். சிற்றிலைச் செடிகளுக்குப் பெரிய கத்தரி பொருந்தும். குரோட்டனுக்கு அது பகை. அகன்ற வர்ண இலைகளைக் கத்தரி குறுக்கே அறுத்துவிட, அறுபட்ட ஓரங்கள் காய்ந்து பழுப்பேறிச் செடி முழுவதும் நோயுற்றதுபோல் தோன்றும். அதனைத் தண்டு தண்டாகப் பிடித்து, கணுவுக்குச் சற்று மேலே கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுகிற பொறுமை எவ்வளவு உயர்ந்தது! செவ்வரத்தை புதுத்தளிரில் பூப்பது. ஆகவே அடிக்கடி மேலோட்டமாகக் கத்தரிக்கிறவன் பூவைத்தான் கத்தரித்துக்கொண்டிருக்கிறான்.

பருவமறிதல் இதனினும் முக்கியம். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் ஆழ வெட்டினால், இதுவரை நிழலிலிருந்த உள்ளிலைகள் திடீரென்று வெயிலுக்கு முன் நிறுத்தப்பட்டுக் கருகிப்போகும். புரட்டாதி முடிவில், வாடைமழை இறங்குமுன் பெரிய வெட்டை முடித்துவிட்டால், ஐப்பசி மழையோடு தளிர் பொங்கும். வெட்டிய கிளிசரிடியாத் தழையும் வீணாவதில்லை. தழைச்சத்து நிறைந்த அந்த இலை வயலுக்கு உரமாகிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரம், தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிர் என்ற அந்தஸ்தை இலங்கையில் பெற்றுவிட்டது.

தடித்த கதியாலின் வெட்டுவாயில் பசுஞ்சாணத்தை அப்புகிற கிராமத்து வழக்கத்தைக் காணும்போதெல்லாம், ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையின் விருட்சாயுர்வேதப் பகுதி என் நினைவுக்கு வரும். நோயுற்ற மரத்தின் கெட்ட பாகத்தை முதலில் ஆயுதத்தால் நீக்கிச் சுத்தம் செய்து, வாய்விடங்கமும் நெய்யும் சேறும் கலந்து பூசி, பால் கலந்த நீரை வார்க்க வேண்டும் என்று அது விதிக்கிறது. வெட்டுவதையும் காயத்தை ஆற்றுவதையும் ஒரே கிரியையாகக் கருதிய அந்த நோக்கு எத்துணை நுட்பமானது!

உரோமாபுரியின் இளைய பிளினி, தம் கிராமத்து மாளிகையைப் பற்றிய கடிதத்தில், செடிகளை மிருக வடிவங்களாகவும் எழுத்துக்களாகவும் வெட்டியிருந்ததையும், அவ்வெழுத்துக்கள் ஓரிடத்தில் எஜமானின் பெயரையும் மற்றோரிடத்தில் தோட்டக்காரனின் பெயரையும் சொன்னதையும் குறிப்பிடுகிறார். படுவான்கரையில் எவரும் செடியில் பெயர் பொறிப்பதில்லை. ஆனால் படலையண்டை வளைவு திரும்பும் விதத்தையும் ஓரத்தின் சாய்வையும் கண்டே இது இன்னாருடைய கை என்று அயலார் சொல்லிவிடுகிறார்கள்.

2007ஆம் ஆண்டு யுத்தத்தால் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்ததுபோல் வளவுகள் ஆளில்லாது கிடக்கும் காலங்களில் வேலிகள் கட்டுமீறி மரமாகிவிடும். அவற்றை ஒரேயடியாகத் தறித்துப் போடுவது மூடத்தனம். ஒரு பருவத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தண்டுவரை வெட்டி, அங்கே தளிர் அடர்ந்தபின் அடுத்த பருவத்தில் மறுபக்கத்தை வெட்டினால், செடி தன் உணவைச் சமைக்கும் இலைகளை முற்றாக இழக்காமலே புத்துயிர் பெறும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்டணத்து வீடுகளில் உயரம் மறைவுக்காக. வெல்லாவெளிப் பக்கத்திலோ, அந்தி மயங்கியபின் காட்டு யானை வயலோரம் வந்து நிற்கக்கூடிய இடமாகையால், வழியோரச் செடி நெஞ்சுக்கு மேல் போகலாகாது. அப்பால் நிற்பது இன்னதென்று வாசலிலிருந்தே தெரிய வேண்டும்; அந்த அளவுக்குள் நின்றே அவ்வூரார் தம் வேலிகளை இவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்.