கயிற்றில் நிற்கும் படகு

ஜேம்ஸ் வார்ரம் வடிவமைத்த டிக்கி 21 படகில் என்னைக் கவர்வது அதன் கட்டு. 21 அடி நீளத்தில் இரண்டு ஒல்லி ஓடங்கள். பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, எப்பாக்சி பூசி, வீட்டுக் கொட்டகையிலேயே செய்துவிடலாம். ஓடங்களோடு குறுக்குக் கட்டைகளைப் பிணைப்பது போல்ட் அல்ல, வரிந்து கட்டிய கயிறு. அலை முறுக்கும்போது அது சற்றே நெகிழ்கிறது. விசை ஒரே இடத்தில் குவிந்து மரத்தைப் பிளப்பதில்லை. தேய்ந்தால் வேறு கயிறு, அவ்வளவுதான்.

நடுத்தளம் திறந்தவெளி. மழையும் உப்புநீரும் நேராக மேலே விழும். படுக்கை ஓடத்துக்குள், பெட்டிக்குள் படுத்ததுபோல. சொகுசு கேட்பவர்கள் வேறு படகு பார்க்கலாம். சுமை கூடினால் வேகம் போய்விடும். தண்ணீருக்கும் அரிசிக்கும் பிறகு புத்தகத்துக்கு இடமிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் ரோரி மக்டூகல் என்பவர் 1990களில் உலகைச் சுற்றிவந்தது இந்த வகைப் படகில்தான்.