அலையில்லாக் கடலும் ஆவணப்படமும்

திரைப்படம் என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நம் இல்லங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடன் வாதிட இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆவணப்படம் என்பது வேறொரு சாதி. அது ஆட்டமும் பாட்டும் காட்டுவதற்கு வந்ததன்று, சாட்சி சொல்ல வந்தது. சாட்சி என்றால் அதன் நேர்மையை விசாரிக்கும் உரிமை, அதனால் பேசப்படுகின்ற மக்களுக்கு உண்டல்லவா?

மீனவர் வாழ்வைப் படமாக்கியவர்களில் முன்னோடியாகப் பேசப்படுபவர் இராபர்ட் பிளாகர்ட்டி. அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவுகளுக்குச் சென்று, 1934-இல் ‘மேன் ஆஃப் ஆரன்’ என்ற படத்தை வெளியிட்டார். அதில் பாறையில் மோதி வானளாவ எழும் அலைகளைக் கண்டவர் மறக்க மாட்டார். ஆயினும் உண்மை என்ன? திரையில் தந்தை, தாய், மகன் என்று தோன்றும் மூவரும் ஒரே குடும்பத்தினர் அல்லர். தீவில் தேடிப் பொறுக்கிச் சேர்க்கப்பட்டவர்கள். படத்தின் உச்சமான சுறா வேட்டையோ, பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அத்தீவில் வழக்கொழிந்தது. எறியீட்டியைப் பிடிக்கும் முறையை மீனவர்களுக்குப் படத்துக்காகப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அத்தீவினரை வாட்டிய நிலவுடைமைக் கொடுமையும் குத்தகைச் சுமையும் படத்தில் இடம்பெறவில்லை. மனிதனுக்குப் பகை கடலே என்று காட்டிவிட்டால் மனிதனுக்குப் பகையான மனிதன் தப்பித்துக்கொள்கிறான்.

இந்த அலை மோகம் பிளாகர்ட்டியுடன் முடிந்ததா என்றால், இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் உலகத்துக் கேமராக்கள் எல்லாம் வந்தன. வந்தவர்களைக் குறை சொல்ல மனமில்லை. அவர்கள் காட்டியதால் உதவியும் வந்தது. ஆனால், நீர் வடிந்ததும் படக்கருவியும் வடிந்துவிட்டது.

நமது தஞ்சைக் கடற்கரையின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதில் உள்ள சங்கடம் விளங்கும். கோடியக்கரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் பாக் நீரிணை. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று நீளும் அக்கரை பெரும்பாலும் சேறு. கடல் ஆழமற்றது, அமைதியானது. அங்கே நிற்கும் காட்டுக்கே அலையாத்தி என்று பெயர். இங்கே வறுமை அலையாக எழுந்து வருவதில்லை. டீசல் விலையாக, முன்பணக் கடனாக, ஏலத்தில் அடிபடும் விலையாக, ஓசையின்றி வருகிறது. அலையைத் தேடிவரும் ஒளிப்பதிவாளருக்கு இங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றினால் வியப்பில்லை.

அப்படி ஓசையின்றி வந்த ஒரு பேரிடர்தான் இறால் பண்ணை. 1990-களின் தொடக்கத்தில் காவிரிக் கடைமடையின் நெல்வயல்களை வாங்கிக் கம்பெனிகள் உப்புநீர் நிரப்பின. கூலி விவசாயிக்கு வேலை போயிற்று, குடிநீர்க் கிணறு கரித்தது, மீனவனுக்குக் கடற்கரை செல்லும் வழி அடைபட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நடத்திய போராட்டமும், ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வரலாறு. பின்னர் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைகள் பதிவுபெற்று நடக்க வழி செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உழவனும் மீனவனும் ஒரே சட்டகத்துக்குள் நிற்க வேண்டிய கதை இது.

இவ்வகைக் கதையைச் சொல்ல முயன்றவர்களில் ஆனந்த் பட்வர்த்தனுக்கு முதலிடம் தருவேன். 1998-இல் வந்த அவரது ‘ஃபிஷிங்: இன் த சீ ஆஃப் கிரீட்’ 45 நிமிடப் படம். ஆலைக் கப்பல்களையும் இறால் பண்ணைகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இந்திய மீனவரையும் வங்கதேச மீனவரையும் ஒரே வழக்கின் வாதிகளாகக் காண்கிறது. பிளாகர்ட்டி மறைத்த மனிதப் பகைவனை இவர் பெயர் சொல்லி அழைக்கிறார். ஆனால் அவ்வளவு பெரிய வாதத்தை அவ்வளவு சிறிய நேரத்தில் சொல்ல வேண்டியிருப்பதால், ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அடுப்பு எரிகிறதா என்று பார்க்க அதற்கு நேரமில்லை.

லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ வேறு விதம். தனுஷ்கோடி மீனவர்களே நடிக்க, படமெடுக்க வந்த பெண்ணாக இயக்குநரே தோன்றுகிறார். 2011 தொடக்கத்தில் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தது. அவ்வாண்டிலேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அனுமதித்தது. ‘கேமராவோடு வந்த நீ யார்?’ என்ற கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்ட துணிவைப் பாராட்ட வேண்டும். எனினும் அதன் துயரம் கடற்படைத் துப்பாக்கியையும் ஏதிலிகளின் பயணத்தையும் சுற்றியே அமைகிறது. நம் கரை விசைப்படகின் இழுவை மடி, நம் கரை நாட்டுப்படகுக்காரனின் வலையையும் யாழ்ப்பாணத்து, மன்னார்த்து மீனவனின் வலையையும் அறுக்கிறதே, அந்தக் கசப்பான படத்தை எடுக்க யார் துணிவார்?

இன்னொரு குறை நம்மைத் தொட்டது. கடற்கரை முஸ்லிம் என்றால் மரக்கலம் ஓட்டிய வணிகன் என்றே வெளியார் எண்ணுகிறார்கள். நாகூர் மினாராக்கள் அவர்களுக்கு அழகான பின்னணி. மல்லிப்பட்டினத்தில் வலை இழுக்கும் முஸ்லிம் மீனவன் கண்ணில் படுவதில்லை. இதில் வெளியாரை மட்டும் நோவானேன்? நம் ஏடுகளும் முன்னோரின் கப்பல்களைப் பற்றி எழுதிய அளவுக்கு வலையைப் பற்றி எழுதவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988-இல் நூலாக வந்து, முதலாளி வீட்டுக்கும் ஏழைக் குடிசைக்கும் இடையிலுள்ள தூரத்தை நம்மவர் பேச்சிலேயே அளந்து காட்டியது. எழுத்து செய்ததைப் படக்கருவி இன்னும் செய்யவில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மல்லிப்பட்டினத் துறைமுகத்தில் விசைப்படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நொறுக்கிப் போட்டபோது மறுபடியும் கேமராக்கள் வந்தன. அவர்கள் ஏப்ரல் 15-க்குப் பின் ஒருமுறை வந்து பார்க்கலாம். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போகும். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் மர நிழலில் அமர்ந்து பிறர் வலையைக் கோத்துக்கொண்டிருப்பார். அரசின் நிவாரணத் தொகை வந்துவிட்டதா என்று கேட்டுவர மகனை அனுப்பியிருப்பார். எதிரே கடல் குளம்போலக் கிடக்கும்.